திமிங்கில எண்ணெய்க்குக் குளிர் வைத்த சோதனை

தேங்காய் எண்ணெயில் கலப்படம் உண்டா என்று அறிய அதைக் குளிர்பெட்டியில் வைத்து உறையவிட்டுப் பார்க்கிறோமே, திமிங்கில எண்ணெய் விற்ற காலத்தில் மோசடியை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பொருத்தமான கேள்வி இது. ஏனென்றால் அந்தத் தொழிலே குளிரை நம்பித்தான் நடந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக் கப்பல்கள் இரு வகை எண்ணெயைக் கரைசேர்த்தன. பற்களுக்குப் பதிலாக வாயில் வடிகட்டும் தகடுகள் கொண்ட பலீன் திமிங்கிலங்களின் கொழுப்பை உருக்கி எடுத்தது மலிவானது. எண்ணெய்த் திமிங்கிலம் என்ற இனத்திடமிருந்து கிடைத்தது விலை உயர்ந்தது. அதிலும் அந்தத் திமிங்கிலத்தின் தலைக்குள் நிறைந்திருக்கும் ஸ்பெர்மசெட்டி என்ற மெழுகுப் பொருளுக்குத்தான் மெழுகுவத்தி செய்பவர்களிடையே பெரும் போட்டி இருந்தது.

உயிருள்ள விலங்கின் உடல் வெப்பத்தில் தெளிந்த திரவமாக இருக்கும் ஸ்பெர்மசெட்டி, வெளியே எடுத்து ஆறியதும் வெளுத்துப் பாதி உறைந்துவிடும். நம் சமையல் எண்ணெய்களில் கிளிசராலுடன் மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்திருக்கும். ஸ்பெர்மசெட்டியில் பெரும்பகுதியோ, ஒரு நீண்ட ஆல்கஹால் சங்கிலியும் ஒரு நீண்ட அமிலச் சங்கிலியும் இணைந்த மெழுகு எஸ்தர். இரட்டைப் பிணைப்பு இல்லாத சங்கிலிகள் நேராக இருப்பதால் ஒன்றையொன்று ஒட்டி அடுக்கப்பட்டுப் படிகமாகின்றன; இரட்டைப் பிணைப்பு உள்ளவை இடையில் வளைந்திருப்பதால் அந்த அடுக்கில் இடம் கிடைக்காமல் திரவமாகவே நிற்கின்றன. ஆகவே வெப்பம் படிப்படியாகக் குறையும்போது, எந்த மூலக்கூறு மெழுகாக வேண்டும், எது எண்ணெயாக ஓட வேண்டும் என்பதைக் குளிரே பிரித்துத் தருகிறது.

நியூபோர்ட், பிராவிடன்ஸ் நகரப் பட்டறைகள் இதை நுட்பமாகப் பயன்படுத்திக்கொண்டன. இலையுதிர்காலத்தில் தலைப்பொருளை, அதாவது திமிங்கிலத் தலையிலிருந்து எடுத்த ஸ்பெர்மசெட்டியை, காய்ச்சி, நீரையும் அழுக்கையும் நீக்கி, பீப்பாய்களில் நிரப்பிக் குளிர்காலம் முழுவதும் விட்டுவைத்தார்கள். இங்கே மெதுவாகக் குளிர்வதுதான் முக்கியம். திடீரென்று குளிர்ந்தால் நுண்ணிய படிகங்கள் ஏராளமாகத் தோன்றி எண்ணெயைத் தங்களுக்கிடையே சிறைப்பிடித்துக்கொள்ளும்; வாரக்கணக்கில் குளிர்ந்தாலோ படிகங்கள் பெரிதாக வளர்ந்து, எண்ணெய் வடிவதற்கு வழிவிடும். உறைந்த அந்த நறுநறுப்பான திரளைப் பைகளில் அள்ளி, கனத்த மரச் செக்கில் அழுத்தினால் வடிவதே 'குளிர்காலப் பிழிவு'. கடுங்குளிரில் திரவமாக இருந்த பகுதி மட்டுமே வடிந்ததால், ஜனவரி மாத இரவிலும் அது விளக்கில் உறையாமல் எரிந்தது. வசந்தத்தில் மீண்டும் பிழிந்தால் வருவது இரண்டாம் தரம். எஞ்சிய மெழுகைப் பொட்டாஷ் காரத்துடன் காய்ச்சியபோது, ஒட்டியிருந்த எண்ணெயின் பெரும்பகுதி சோப்பாக மாறி நீங்கியது. மென்மையான காரத்துக்கு எளிதில் மசியாத மெழுகு எஸ்தர், வெண்ணிறப் படிகமாக நின்றது. இதன் முதன்மைக் கூறான செட்டைல் பால்மிட்டேட் சுமார் 50 டிகிரி செல்சியஸில்தான் உருகும் என்பதால், அந்த மெழுகுவத்திகள் கோடை வெயிலிலும் வளையவில்லை.

வசந்தப் பிழிவைக் குளிர்காலப் பிழிவு என்று சொல்லி ஜூலையில் விற்றால், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு குப்பியில் ஊற்றி, உப்புக் கலந்த பனிக்கட்டிக்குள் வைத்தால் சற்று நேரத்தில் கலங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். மலிவான பலீன் எண்ணெயைக் கலந்திருந்தால் எடையே போதும். எண்ணெய்த் திமிங்கில எண்ணெய் லிட்டருக்குச் சுமார் 880 கிராம், மற்றது சுமார் 920 கிராம். கலப்பு கூடக் கூட எடையும் அதே விகிதத்தில் ஏறும்.

மெழுகையும் எண்ணெயையும் பிரிக்கும் இந்தச் செய்முறையைப் பட்டறைக்காரர்கள் ரகசியமாகப் பாதுகாத்தார்கள். செட்டைல் ஆல்கஹாலை 1817இல் பிரித்தெடுத்து இப்பொருளின் வேதியியலை விளக்கியவர், பாரிஸின் ஷெவ்ரல். அரசு நிறுவனத்தில் பணியாற்றி, முடிவுகளை எல்லோரும் படிக்க வெளியிட்ட ஆய்வாளர் அவர். பொதுப்பணத்தில் நடக்கும் அடிப்படை ஆய்வை வீண் செலவு என்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ரகசியம் காத்தவர்கள் சந்தையையும் கட்டிப்போட முயன்றார்கள். 1761இல் மெழுகுவத்தி உற்பத்தியாளர்கள் கூட்டணி அமைத்து, தலைப்பொருளுக்கு உச்சவிலை விதித்தார்கள். புதியவர்கள் தொழிலுக்குள் நுழையாமல் தடுப்பதாகவும் ஒப்புக்கொண்டார்கள். 1763இல் வரத்தையே பங்கிட்டார்கள்: ஒவ்வொரு 100 பீப்பாயிலும் 20 பிராவிடன்ஸின் நிக்கோலஸ் பிரவுன் நிறுவனத்துக்கு, 11 நியூபோர்ட்டின் ஆரோன் லோபஸுக்கு என்று. ஆனால் தலைப்பொருள் எப்போதும் பற்றாக்குறை. உறுப்பினர்களே மறைவில் கூடுதல் விலை கொடுத்து வாங்கியதாக ஒருவர்மேல் ஒருவர் புகார் சொன்னார்கள். அந்த ஏமாற்று கணக்கேட்டில் நடந்தது. எண்ணெயைப் பனிக்கட்டியில் வைத்து அதைக் கண்டறிய முடியாது.

அமெரிக்க விடுதலைக்குப் பின் இந்தச் சிக்கல் பெரிதாயிற்று. 1783இல் பிரிட்டன், அயல்நாட்டு எண்ணெய் 252 காலனுக்கு 18 பவுண்டு 3 ஷில்லிங் தீர்வை விதித்தது. நான்டக்கெட் குடும்பங்கள் சில பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த நோவா ஸ்கோஷியாவின் டார்ட்மவுத்துக்குக் குடிபெயர்ந்தன. அங்கிருந்து போகும் எண்ணெய் பிரிட்டிஷ் எண்ணெய். நான்டக்கெட் எண்ணெயை அங்கே கொண்டுபோய் அதன் பெயரில் அனுப்பினால் யாருக்குத் தெரியும்? கடலும் ஒன்று, திமிங்கிலமும் ஒன்று, பிடித்தவர்கள் உறவினர்கள். அடர்த்தியும் உறைநிலையும் அப்படியே ஒத்திருக்கும். சுங்க அதிகாரியிடம் இருந்தவை கப்பலின் ஆவணங்கள் மட்டுமே. நான்டக்கெட்டின் பெருவணிகர் வில்லியம் ராட்ச் இன்னும் நேரான வழியைத் தேடினார். 1785இல் லண்டன் சென்று, தம் மக்களுடனும் கப்பல்களுடனும் குடியேறச் சலுகை கேட்டார்; அது படியாமல் போகவே பிரான்ஸுடன் உடன்பட்டார். அதன்பின் அதே நான்டக்கெட் மாலுமிகள் பிடித்த எண்ணெய், டன்கர்க் துறைமுகத்தில் பிரெஞ்சு எண்ணெயாக இறங்கியது.