அமெரிக்கப் பள்ளி உணவு: ஒரு விண்ணப்பத்தை நம்பியிருக்கும் தட்டு

அமெரிக்காவில் அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோருக்குக் கல்வியாண்டின் தொடக்கத்தில் வரும் படிவங்களில், இலவசமாகவோ குறைந்த விலையிலோ பள்ளி உணவு பெறுவதற்கான விண்ணப்பமும் ஒன்று. வீட்டு வருமானத்தைக் கேட்கும் படிவம் என்பதால், பள்ளியில் நம் நிலைமை தெரிந்துவிடுமே என்று கூசி அதை நிரப்பாமல் விட்டுவிடும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அந்தக் கூச்சத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்பதையும், அந்த ஒரு தாளை நம்பி எவ்வளவு நடக்கிறது என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

1946ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டமே பள்ளி உணவுத் திட்டத்தின் அடிப்படை. காலை உணவுத் திட்டம் 1966இல் சோதனை முயற்சியாகத் தொடங்கி 1975இல் நிரந்தரமானது. விதிகளை வகுப்பதும் பணம் தருவதும் கூட்டாட்சி அரசின் வேளாண்மைத் துறை. மாநிலத் துறை ஒன்று அதை மேற்பார்க்கிறது. சமைத்து, பரிமாறி, கணக்கு வைப்பது பள்ளி மாவட்டம், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு. மாவட்டத்துக்கு மொத்தத் தொகையாகப் பணம் வருவதில்லை. பரிமாறப்பட்ட ஒவ்வொரு தட்டையும் எண்ணி, அது இலவசத் தட்டா, குறைந்த விலைத் தட்டா, முழு விலைத் தட்டா என்று பிரித்து மாதந்தோறும் கோரினால்தான் வரும். முழு விலை கொடுத்துச் சாப்பிடும் பிள்ளையின் தட்டுக்கும் சிறு தொகை உண்டு. இந்த வரவு இலாப நோக்கற்ற தனிக் கணக்கில் வைக்கப்பட வேண்டும். அதிலிருந்து ஆசிரியர் சம்பளமோ பேருந்துச் செலவோ கொடுக்க முடியாது.

கூட்டாட்சி வறுமைக் கோட்டு வருமானத்தின் 130 விழுக்காடு வரை உள்ள குடும்பத்தின் பிள்ளைகளுக்கு உணவு இலவசம். அதற்கு மேல் 185 விழுக்காடு வரை குறைந்த விலை: மதிய உணவுக்கு 40 சென்ட்டுக்கும் காலை உணவுக்கு 30 சென்ட்டுக்கும் மேல் வாங்கக் கூடாது. வருமான வரம்புகள் ஆண்டுதோறும் ஜூலையில் மாறும். பிடித்தங்களுக்கு முந்தைய, இப்போதைய வருமானத்தையே எழுத வேண்டும். போன ஆண்டு நல்ல சம்பளம் வாங்கியவர் இந்த ஆண்டின் நடுவில் வேலை இழந்தால் அன்றைக்கே விண்ணப்பிக்கலாம். ஒரு வீட்டுக்கு ஒரே விண்ணப்பம் போதும். கையொப்பமிடுபவர் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைத் தர வேண்டும். எண் இல்லாதவர் இல்லை என்று குறித்தால் போதும். குடியேற்ற நிலை இங்கே ஒரு தகுதியே அல்ல. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் ஸ்னாப் உணவு உதவி பெறும் வீட்டுப் பிள்ளைகள், வளர்ப்புப் பராமரிப்பில் உள்ளவர்கள், வீடற்றவர்கள் ஆகியோருக்கு வருமானக் கணக்கின்றியே தகுதி உண்டு.

விண்ணப்பம் வந்த பின் பள்ளி நடக்கும் 10 நாட்களுக்குள் மாவட்டம் முடிவு சொல்ல வேண்டும். பெற்றோர் அடிக்கடி தவறவிடும் இடம் வேறு: போன ஆண்டுத் தகுதி புதிய கல்வியாண்டில் பள்ளி நடக்கும் முதல் 30 நாட்கள் வரை மட்டுமே செல்லும். அதற்குள் புதிதாக விண்ணப்பிக்காவிட்டால் பிள்ளையின் கணக்கில் முழு விலை ஏறத் தொடங்கும். பிறகு ஒப்புதல் கிடைத்தாலும் இடையில் ஏறிய கடன் தானாக அழிவதில்லை. வசூலாகாத கடனை உணவுக் கணக்கிலிருந்து ஈடுகட்ட மாவட்டத்துக்கு அனுமதி இல்லாததால், அதை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கடனை எப்படி நடத்துவது என்ற எழுத்துபூர்வமான கொள்கை 2017 ஜூலை முதல் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருந்தாக வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

யார் இலவசமாகச் சாப்பிடுகிறார் என்பது மற்ற பிள்ளைகளுக்குத் தெரியும்படி எதையும் செய்யக் கூடாது என்பது விதி. தனி வரிசை, தனி வில்லை, தனி நேரம் எதற்கும் அனுமதி இல்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் வந்து ஒரே முறையில் தம் கணக்கு எண்ணைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். இத்திட்டத்தின் விதிகளில் மிகவும் மனிதத்தன்மை வாய்ந்தது இதுவே என்று நான் கருதுகிறேன்.

தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. மதிய உணவில் பழம், காய்கறி, தானியம், இறைச்சி அல்லது அதற்கு ஈடான புரதம், பால் ஆகிய ஐந்து பிரிவுகளையும் பள்ளி வழங்க வேண்டும். எடுப்பதைப் பிள்ளையின் விருப்பத்துக்கு விடும் பள்ளிகளில், குறைந்தது மூன்று பிரிவுகளை எடுத்தால் போதும். ஆனால் அவற்றில் அரைக் கோப்பை பழமோ காய்கறியோ இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தட்டுக்கு அரசுப் பணம் வராது. "வேண்டாம் என்றாலும் ஆப்பிளை எடுக்கச் சொல்கிறார்கள்" என்று பிள்ளை வீட்டில் முறையிடுவதற்குக் காரணம் இதுதான்.

சைவக் குடும்பங்கள் ஒன்றைத் தெளிவாக அறிய வேண்டும். பருப்பு, அவரை வகைகள், பாலாடைக்கட்டி, தயிர், டோஃபு எல்லாம் புரதப் பிரிவில் ஏற்கப்படுவதால் சைவத் தட்டு தர விதியில் தடை ஏதும் இல்லை. ஆனால் மத வழக்கத்துக்காகவோ விருப்பத்துக்காகவோ அதைத் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மாவட்ட உணவுப் பிரிவிடம் கேட்பதே வழி. பல பெற்றோர் சேர்ந்து கேட்டால் பட்டியல் மாறுகிறது. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை போன்றவை வேறு வகை. அவை உடற்குறைபாடாகக் கருதப்படுவதால், எதைத் தவிர்க்க வேண்டும், பதிலாக என்ன தரலாம் என்று மருத்துவர் எழுதித் தந்தால், கூடுதல் கட்டணமின்றி மாற்று உணவு தருவது மாவட்டத்தின் கடமை.

சில பள்ளிகளில் விண்ணப்பமே கேட்காமல் எல்லாருக்கும் இலவசமாகத் தருகிறார்கள். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த சமுதாயத் தகுதி ஏற்பாட்டின்படி, ஸ்னாப் போன்றவற்றின் வழியே நேரடியாக அடையாளம் காணப்பட்ட மாணவர்கள் 25 விழுக்காடு இருந்தால் ஒரு பள்ளி இதில் சேரலாம். 2023 வரை இந்த வரம்பு 40 ஆக இருந்தது. தகுதியிருந்தும் சேராத பள்ளிகள் ஏன் இருக்கின்றன என்பதற்குக் கணக்கே விடை சொல்கிறது. அடையாளம் காணப்பட்ட விழுக்காட்டை 1.6ஆல் பெருக்கி வரும் அளவுக்கே இலவசத் தட்டின் வீதத்தில் பணம் கிடைக்கும். 50 விழுக்காடு என்றால் 80 விழுக்காட்டுத் தட்டுகளுக்குக் கிடைக்கும். 25 என்றால் 40க்குத்தான். எஞ்சியவற்றுக்கு முழு விலைத் தட்டுக்கான சிறு தொகையே வருவதால், துண்டு விழுவதை மாவட்டம் வேறு பணத்தில் சமாளிக்க வேண்டும். கலிஃபோர்னியா, மெய்ன் மாநிலங்கள் 2022-23 முதல் தம் பணத்தைச் சேர்த்து எல்லா மாணவருக்கும் இலவசமாக்கின. மேலும் சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன. இத்தகைய பள்ளிகளிலும் வருமானப் படிவம் வந்தால் நிரப்பித் தாருங்கள். பள்ளிக்கு வரும் பிற கல்வி நிதிகள் அந்த எண்ணிக்கையைப் பொறுத்து அமைவதுண்டு.

கோடை விடுமுறையில் பொது உணவு மையங்களில் 18 வயது வரை உள்ள எந்தப் பிள்ளையும் விண்ணப்பமின்றிப் போய்ச் சாப்பிடலாம். 2024 முதல், திட்டத்தில் சேர்ந்த மாநிலங்களில், தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கோடைக்கு 120 டாலர் மளிகை உதவி அட்டையில் வருகிறது. எல்லாருக்கும் இலவச உணவு தரும் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அது தானாக வராமல் போகலாம். அங்கே இதற்கென்று தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.