ஆறு மா நிலம் எங்கே தோற்கிறது?

போன சம்பா முடிந்ததும் ஒரு விவசாயி தன் கணக்கு நோட்டோடு வந்தார். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். விளைச்சலில் குறை இல்லை. பக்கத்தில் ஒரு வேலி, அதாவது இருபது மா வைத்திருப்பவரைவிட மாவுக்கு ஒரு மூட்டை கூடவே கண்டிருந்தது. ஆனால் கையில் காசு நிற்கவில்லை.

டெல்டாவில், விவசாயிகளே பங்கு போட்டு நடத்துகிற உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு இடுபொருள் கொள்முதலும் கணக்கும் பார்ப்பது என் வேலை. இந்தக் கதை எனக்குப் பழகியதுதான். சின்ன நிலத்தில் ஏக்கருக்கு விளைச்சல் கூடுதலாக இருப்பதைப் பண்ணை மேலாண்மை ஆய்வுகளை வைத்து பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1962-லேயே எழுதியிருக்கிறார். வீட்டு ஆட்களே இறங்கிக் களை பறிக்கிற நிலம், விளையாமல் என்ன செய்யும்? 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டின் சராசரி நில அளவு 0.75 ஹெக்டேர். ஆறு மாகூட முழுதாக வராது. இவர்கள் தோற்பது வயலில் இல்லை, வாங்குகிற இடத்தில்.

நோட்டைப் புரட்டினோம். பூச்சி மருந்து தேவைப்பட்டது 160 மில்லி. கடையில் இருந்தது 250 மில்லி பாட்டில். மீதி 90 மில்லி மாட்டுக்கொட்டகைக் கூரை இறவாணத்தில் செருகிக் கிடக்கிறது. வாங்கியது கடனுக்கு என்பதால் பாட்டிலில் அச்சிட்ட விலை அப்படியே. ரொக்கம் கொடுத்துப் பெட்டியாக எடுப்பவருக்கு அந்த விலை கிடையாது. அறுவடைக்கு பெல்ட் வண்டி, சேற்றில் இறங்குகிற அறுவடை இயந்திரம். நிலம் மூன்று இடத்தில் சிதறிக் கிடப்பதால், வண்டி ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்கு நகர்ந்த நேரத்துக்கும் மணிக்கணக்கில் வாடகை. கடைசியில் நெல், கடன் கொடுத்த கடைக்காரர் சொன்ன வியாபாரிக்கே போனது.

யூரியாவில் மட்டும் பெரியவர் சின்னவர் பேதமில்லை. 45 கிலோ மூட்டை எல்லோருக்கும் 266 ரூபாய் 50 காசு. அதோடு வேறு டப்பா ஒன்றைச் சேர்த்துத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள், பில் கேளுங்கள். மலிவுதானே என்று ஒரு மூட்டை கூடப் போட்டால் பயிர் கருகருவென்று எழும்பும், பின்னாலேயே புகையான் பூச்சி வரும், மறுபடி மருந்துக் கடைதான்.

சேர்ந்து வாங்கினால் எல்லாம் மலிவு என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். யூரியாவில் ஒரு பைசா குறையாது. விதை, மருந்து, ஏற்றுகூலி, இயந்திர வாடகை, இவற்றில்தான் மிச்சம். ஒன்றிய அரசின் 2020ஆம் ஆண்டுத் திட்டத்தில் சமவெளியில் குறைந்தது 300 பேர் சேர்ந்தால் நிறுவனம் அமைக்க வழி வைத்தார்கள். உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வரை, நிறுவனத்துக்கு மொத்தம் 15 லட்சம் வரை, அவர்கள் போடும் பங்குக்கு ஈடான மானியமும் வைத்தார்கள். பணம் வந்ததும் எல்லோரும் செய்வது ஒரு கடை திறந்து ரேக்கை நிரப்புவது. நானும் அப்படி யோசனை சொல்லி மாட்டியவன்தான். கேட்டவருக்கெல்லாம் கடன் போனது, கேட்காத மருந்தெல்லாம் காலாவதியானது.

இப்போது நான் சொல்வது வேறு. கடை அப்புறம். நாற்றங்காலுக்கு முன்னால், ஆடியிலேயே வீடு வீடாகப் போய் யாருக்கு எத்தனை மா, என்ன ரகம் என்று எழுதுங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு ஆர்டர் போடுங்கள். ஒரே வாய்க்காலில் பாசனம் செய்பவர்கள் ஒரே ரகத்தை ஒரே வாரத்தில் நட்டால் அறுவடை வண்டி ஒரு தடவை இறங்கி வரிசையாக முடித்துவிடும். தனியாக டிராக்டர் வாங்குகிற ஆசையையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்கே கிடைக்கிறது.

முன்பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை. ஆனால் நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டா, யார் பயிர் செய்கிறார் என்று காட்டும் அடங்கல் வேண்டும். நம் விவசாயியின் ஆறு மாவில் நாலு மா வாய்மொழிக் குத்தகை. அடங்கலில் அவர் பெயர் இல்லை. அதனால்தான் கடைக் கடன்.

இந்த ஆடியில் வாய்க்கால்காரர்கள் ஏழு பேரோடு விதைக்கும் அறுவடை வண்டிக்கும் மட்டும் அவர் பெயர் கொடுத்திருக்கிறார். மருந்து பழைய கடையில்தான். அங்கே பாக்கி 11,000 ரூபாய் இன்னும் நிற்கிறது.