கதவத் தட்டிக் கேக்குறவங்ககிட்ட ஒரு சூப்பர்வைசர் கத்துக்க வேண்டியது

புதுசா சூப்பர்வைசர் ஆனவங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்குறதுதான் என் வேலை. ஷிப்யார்டு, கட்டுமான சைட், கிளீனிங், லாஜிஸ்டிக்ஸ்னு பல இடத்துல இருந்து வருவாங்க, அதுல நிறைய பேரு நம்ம தமிழ் ஆளுங்க, சிலர் சிங்கப்பூர்லயே பொறந்து வளந்தவங்க, சிலர் ஊர்ல இருந்து ஒர்க் பெர்மிட்ல வந்து படிப்படியா மேல வந்தவங்க. நல்ல தலைவர் யாருன்னு கேட்டா பெரிய கம்பெனி முதலாளி பேரத்தான் சொல்வாங்க. நான் அவங்கள தேர்தல் சமயத்துல வேட்பாளர்கள கவனிக்கச் சொல்றேன். எந்தக் கட்சின்றது இங்க பேச்சே இல்ல.

ஏன்னா வேட்பாளருக்கு நம்ம மேல ஒரு அதிகாரமும் கிடையாது. அவர் நம்மளத் திட்ட முடியாது, லீவு இல்லன்னு சொல்ல முடியாது, ஓவர்டைம கட் பண்ண முடியாது. வந்து நின்னு கேக்கத்தான் முடியும். சூப்பர்வைசர் கையில இது அத்தனையும் இருக்கு, அதனாலயே அவருக்கு யாரையும் கேக்கணும்னு தோணுறதில்ல. நான் பாத்த வரைக்கும் டீம் கெட்டுப்போறது அங்கதான் ஆரம்பிக்குது.

வீடு வீடா போறத கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. வீவக புளோக்ல, அதாவது அரசாங்க அடுக்குமாடிக் கட்டடத்துல, லிஃப்ட்ல மேல் மாடிக்குப் போய், அங்கருந்து ஒவ்வொரு மாடியா படியில இறங்கி வருவாங்க, கதவு திறந்தா வணக்கம், திறக்கலன்னா ஒரு நோட்டீஸ செருகிட்டு அடுத்த வீடு. சில பேரு சிரிச்சுப் பேசுவாங்க, சில பேரு இரும்பு கேட்டத் திறக்காமலே லிஃப்ட் நிக்காத கதை, மேல் வீட்டுத் தண்ணி ஒழுகுற கதை, விலைவாசி எல்லாத்தையும் கொட்டுவாங்க, வேட்பாளர் நின்னு கேட்டுத்தான் ஆகணும். எல்லாரும் வேட்பாளர் முகத்தப் பாப்பாங்க, நான் பாக்கச் சொல்றது அவர் பின்னாடி நிக்கிற தொண்டர. அவர் கையில நோட்டு இல்லன்னா ஃபோன் இருக்கும், வீட்டு நம்பரும் சொன்ன குறையும் அதுல ஏறும். நம்ம ஆளுங்க எவ்வளவோ பேரு "சொல்லு தம்பி, பாத்துக்கலாம்"னு தோள்ல தட்டி அனுப்பிடுவாங்க, ஒரு வரி எழுதி வெச்சிருக்க மாட்டாங்க. சொன்னவன் மட்டும் மறக்கவே மாட்டான்.

இத ஏன் இவ்வளவு அழுத்தமா சொல்றேன்னா, நம்ம வேலையிடங்கள்ல கேக்காம விட்டா போறது ஓட்டு இல்ல, உயிரு. 2022ல சிங்கப்பூர்ல வேலையிட விபத்துகள்ல 46 பேர் இறந்தாங்க, அந்த வருஷம் செப்டம்பர்ல மனிதவள அமைச்சு கூடுதல் பாதுகாப்புக் காலம்னு அறிவிச்சு 2023 மே மாசம் வரைக்கும் வெச்சிருந்தாங்க. என் வகுப்புக்கு வந்த ஒரு டீம்ல, ஸ்கேஃபோல்டுல (கட்டட வேலைக்குப் போடுற சாரத்துல) ஒரு பலகை ஆடுறது கீழ வேலை பாக்குற பல பேருக்குத் தெரிஞ்சிருக்கு, ஒருத்தரும் வாயத் திறக்கல. விசாரிச்சா, முன்னாடி ஒரு தம்பி ஏதோ குறை சொன்னப்ப "நீ வந்த வேலையப் பாரு"ன்னு பதில் வந்திருக்கு. அவ்வளவுதான், அதுக்கப்புறம் நியர் மிஸ் ரிப்போர்ட்டே, அதாவது மயிரிழையில தப்பின சம்பவத்தப் பத்தின தகவலே, கிடையாது. பேப்பர்ல பாத்தா ரொம்ப சேஃபான சைட். ஒர்க் பெர்மிட்ல வந்தவருக்கு இங்க ஓட்டும் இல்ல, நெனச்ச உடனே கம்பெனி மாறுறதும் லேசு இல்ல, கடனும் இருக்கும், அதனால அவர் கோவத்த எங்கயும் காட்ட மாட்டார், பேசாம இருந்துடுவார். அந்த அமைதிய ஒழுக்கம்னு நெனச்சுக்கிற சூப்பர்வைசர்கள நான் நிறைய பாத்திருக்கேன்.

மொழி விஷயத்துக்கு வர்றேன். 1961ல ஹாங் லிம் இடைத்தேர்தல் வந்தப்ப லீ குவான் இயூ பிரதமரா இருந்தாரு, அங்க இருந்த மக்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஹொக்கியன்ற சீன வட்டார மொழிதான் பேச்சு, அவர் அந்த வயசுல உக்காந்து ஹொக்கியன் கத்துக்கிட்டாரு. அந்த இடைத்தேர்தல்ல அவர் கட்சி தோத்துப் போச்சு, ஆனா அவர் கத்துக்கிறத நிறுத்தல. 1962 கடைசியில ஆரம்பிச்சு 1963 தேர்தலுக்குள்ள 51 தொகுதிகளுக்கும் போய் ஆளுங்கள நேர்ல பாத்தாரு. ஒரு பிரதமருக்கே அப்படின்னா, பங்களாதேஷ் தம்பிங்களும் மியன்மார் ஆளுங்களும் இருக்குற டீம நடத்துற நமக்கு "சாப்டியா", "கவனமா இரு", "புரிஞ்சுதா" இந்த மூணையாவது அவங்க மொழியில சொல்லத் தெரிய வேணாமா? வேலை ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி பாதுகாப்பு பத்திப் பேசுற டூல்பாக்ஸ் மீட்டிங்ல எல்லாத்தையும் இங்கிலீஷ்ல வேகமா படிச்சிட்டு கையெழுத்து வாங்குறது பேசுனதுல சேராது.

தோல்விய எப்படி எடுத்துக்கிறதுன்றதுக்கு நான் சொல்றது ஜே.பி. ஜெயரத்தினம் கதை. 1972 தேர்தல்ல இருந்து தொகுதி தொகுதியா நின்னு திரும்பத் திரும்ப தோத்தாரு, 1981ல ஆன்சன் இடைத்தேர்தல்ல ஜெயிச்சு, 1965க்கு அப்புறம் தேர்தல்ல ஜெயிச்சு நாடாளுமன்றம் போன முதல் எதிர்க்கட்சிக்காரர் ஆனாரு. ஆளுங்கட்சியான மசெக (மக்கள் செயல் கட்சி) பக்கம் பாத்தா முரளி பிள்ளை 2015ல அல்ஜூனிட்ல நின்னு கொஞ்ச ஓட்டுல தோத்தாரு, அடுத்த வருஷமே புக்கிட் பாத்தோக் இடைத்தேர்தல்ல ஜெயிச்சாரு. ப்ரமோஷன் ஒரு தடவ கை நழுவிட்டா டீம் மேல கோவத்தக் காட்டுறவங்க இந்த ரெண்டு பேரையும் பாக்கணும்.

2011 தேர்தல் இன்னும் முக்கியம். வீட்டு விலை, எம்ஆர்டி கூட்டம், வெளிநாட்டு ஊழியர் எண்ணிக்கைன்னு மக்கள் ரொம்ப வெறுத்துப்போயிருந்த நேரம், போட் கீ பக்கத்துல நடந்த மத்தியான நேரக் கூட்டத்துல பிரதமர் லீ சியன் லூங் எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டாரு. கேட்டதால எல்லாம் சரியாகிடல, பல வேட்பாளர்கள் ஒரே அணியா நிக்கிற அல்ஜூனிட் குழுத்தொகுதி எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சிக்குப் போச்சு, அமைச்சர் ஜார்ஜ் இயோவே தோத்தாரு, மசெகவுக்கு விழுந்த ஓட்டு சுமார் 60 சதவீதத்துக்கு இறங்குச்சு. ஆனா அதுக்கப்புறம் வந்த வருஷங்கள்ல பிடிஓ வீடுங்க (முன்பதிவு வாங்கிட்டுக் கட்டுற அரசாங்க வீடுங்க) நிறைய கட்டுனாங்க, பஸ்ஸுங்கள கூட்டுனாங்க, 2015ல கிட்டத்தட்ட 70 சதவீதம் கிடைச்சுது. அதுக்குப் பல காரணம் இருக்கு, லீ குவான் இயூ மறைஞ்ச வருஷம், நாட்டோட 50வது பிறந்தநாள் வருஷம், மன்னிப்பாலதான்னு நான் சொல்ல மாட்டேன். நான் சொல்றது, மன்னிப்பு கேட்டவர் அதுக்கப்புறம் வேலையும் செஞ்சு காட்டணும், உடனே கைதட்டல் வரும்னு எதிர்பாக்கக் கூடாது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கூலிங் ஆஃப் டே. 2011 தேர்தல்ல இருந்து வாக்களிப்புக்கு முந்தின நாள் யாரும் பிரசாரம் பண்ணக் கூடாது, 2025ல அது மே 2ஆம் தேதி, மறுநாள் ஓட்டு. மக்கள் அமைதியா யோசிக்கணும்னு வெச்ச நாள் அது. இத ஷிஃப்ட் மாத்துறப்ப அப்படியே பயன்படுத்தலாம். புது ரோஸ்டர காலையில காட்டி அங்கயே "எல்லாருக்கும் ஓகேதானே"ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டத்தான் செய்வாங்க. காட்டிட்டு ஒரு நாள் முழுக்க அதப் பத்திப் பேசாம விடுங்க, அடுத்த நாள் தனித்தனியா கேளுங்க. என்கிட்ட பயிற்சி எடுத்த ஒரு கிளீனிங் சூப்பர்வைசர் அக்கா இத செஞ்சாங்க, காலை முதல் பஸ்ஸுக்கு முன்னாடியே வேலை ஆரம்பிக்குற மாதிரி ரோஸ்டர் போட்டிருந்தது அப்பதான் வெளிய வந்துச்சு.

எடுத்துக்கக் கூடாததும் இருக்கு. பிரசாரம் கொஞ்ச நாள்தான், 2025ல வேட்புமனுத் தாக்கல் ஏப்ரல் 23, அதுல இருந்து 9 நாள். அந்த மாதிரி அப்ரைசல் வர்ற மாசம் மட்டும் காப்பி வாங்கிக் குடுத்து சிரிக்கிற மேனேஜர டீம் சட்டுனு கண்டுபிடிச்சிடும். பெரிய பெரிய வாக்குறுதியும் வேணாம். வேட்பாளராவது ஆளுக்கு 13,500 வெள்ளி வைப்புத்தொகை கட்டுறாரு, எட்டுல ஒரு பங்கு ஓட்டு கூட வரலன்னா அந்தப் பணம் போயிடும். "இன்கிரிமென்ட் வாங்கித் தர்றேன்"னு சொல்ற நமக்கு அப்படி போறதுக்கு ஒண்ணுமே இல்ல, அதனால நாக்க நாமதான் அடக்கணும்.

உங்க டீம்ல ஆரம்பிக்கணும்னா வாரத்துல ஒரு நாள் ஒரு சின்ன நோட்டோட, ஆளுங்க வேலை பாக்குற இடத்துக்கே போங்க, ஆஃபிஸ்க்கு கூப்பிடாதீங்க. முதல்ல எல்லாரும் "ஓகே லா பாஸ்"னுதான் சொல்வாங்க, விட்டுடாதீங்க. ரெஸ்ட் ஏரியா ஃபேன் ஓடல, பூட்ஸ் சைஸ் சரியில்ல இப்படி சின்னதுதான் முதல்ல வரும், அத உடனே செஞ்சு குடுத்தா தான் ஆடுற பலகையப் பத்தி சொல்வாங்க. சொன்னவர் பேர மேல சொல்றதுக்கு முன்னாடி அவரயே கேட்டுக்கங்க. செய்ய முடியாததுன்னா, அடுத்த வாரம் அதே ஆள்கிட்ட அதே இடத்துல போய் "முடியல, இதுதான் காரணம்"னு நேரா சொல்லிடுங்க.