போட்டோவில் ராணி பிங்க், பார்சலில் அரக்கு

சேலத்தை அடுத்த இளம்பிள்ளையிலிருந்து அனுப்பிய சேலை, வாங்கியவர் வீட்டில் பிரிக்கும்போது வேறு நிறமாக இருந்தால் திரும்பி வரும் கூரியர் செலவு விற்றவர் தலையில்தான். "போன் கேமரா போயிடுச்சு" என்று அன்று சாயந்திரமே தீர்ப்பும் எழுதிவிடுவார்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களும், ஏற்காட்டு மூடுபனி அழுக்குச் சாம்பலாக வந்துவிட்டதே என்று வருந்துகிறவர்களும் சொல்வது இதையேதான். பெரும்பாலும் கோளாறு கேமராவில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. கேமரா மாட்யூலை (போனுக்குள் இருக்கும் கேமரா பாகத்தை) மாற்றவோ புதுப் போன் வாங்கவோ கிளம்பும் முன் அதைச் சோதித்துவிடலாம்.

நிறம் மாறுவதும் படம் புள்ளி புள்ளியாக வருவதும் இரண்டு வேறு நோய்கள். நிறம் மாறினால் வெளிச்சத்தின் குணம் சரியில்லை. புள்ளி விழுந்தால் வெளிச்சத்தின் அளவு போதவில்லை. கடை இருட்டாக இருக்கிறதே என்று ஒரு மஞ்சள் பல்பைக் கூடுதலாக மாட்டினால் புள்ளி குறையும், நிறம் முன்பைவிடக் கெடும். ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுப்பதால் வரும் வினை இது.

எந்த நோய் என்று போனே சொல்லும். கேலரியில் படத்தைத் திறந்து விரலால் மேலே தள்ளுங்கள். சில போன்களில் மூன்று புள்ளியைத் தொட்டு விவரம் என்பதைப் பார்க்க வேண்டும். ஐஎஸ்ஓ என்று ஓர் எண்ணும், 1/50 அல்லது 1/100 மாதிரி ஷட்டர் நேரமும் இருக்கும். ஐஎஸ்ஓ 50 முதல் 200 வரை என்றால் போனுக்கு வெளிச்சம் தாராளமாகக் கிடைத்திருக்கிறது. 1600, 3200 என்றால் கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தைப் பல மடங்கு பெருக்கிக் காட்டியிருக்கிறது. படத்தோடு சேர்ந்து புள்ளியும் பெருகும், அவ்வளவுதான். ஐஎஸ்ஓ 100-லேயே சொரசொரப்பாகத் தெரிந்தால்தான் போனைச் சந்தேகப்பட வேண்டும்.

அதற்கும் முன்னால் லென்ஸைத் துடையுங்கள். சொல்ல வெட்கமாக இருந்தாலும் இதிலேயே பாதிப் புகார் தீர்ந்துவிடும். விரல் எண்ணெய் படிந்த லென்ஸில் விளக்கைச் சுற்றிப் புகை மாதிரி ஒளி பரவும், கறுப்பு வெளுக்கும், நிறம் செத்துப் போகும். கேமரா மேல் தனியாக ஒட்டும் கண்ணாடி இருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒரு படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மலிவான கண்ணாடி இரவு விளக்குகளைப் பச்சைப் புள்ளியாகப் படத்தின் எதிர்ப்பக்கத்தில் காட்டும். கண்ணாடி இல்லாமலும் கொஞ்சம் வரும், லென்ஸுக்குள்ளேயே ஒளி எதிரொளிப்பதால், அது பழுதல்ல.

சேலை

அரக்கு எப்படி ராணி பிங்க் ஆகிறது? கடையில் மேலே மஞ்சள் பல்பு, சுமார் 2700 கெல்வின். பக்கத்தில் ஜன்னல், சுமார் 6500 கெல்வின். இந்த எண் ஏற ஏற வெளிச்சம் நீலம் பக்கம் போகும், இறங்க இறங்க மஞ்சள் பக்கம் போகும். போன் ஒரு படத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒயிட் பேலன்ஸைத்தான், அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறத் திருத்தத்தைத்தான், போடுகிறது. பல்பின் மஞ்சளைக் கண்டு அதைச் சரிசெய்ய மொத்தப் படத்துக்கும் நீலத்தைக் கூட்டுகிறது. பல்பு படும் மடிப்பு சரியாகிவிடும். ஜன்னல் வெளிச்சம் படும் முந்தானையில் அந்த நீலம் உபரி. அரக்கோடு நீலம் சேர்ந்து, கூடவே போன் தன் பங்குக்குப் பிரகாசத்தையும் ஏற்றினால் அதுதான் ராணி பிங்க்.

தீர்வு ஒரு சுவிட்ச்தான். ஜன்னலா பல்பா, ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஓட்டு பகலுக்கு: காலை 9 முதல் 11 மணிக்குள், வெயில் நேராக விழாத வாசல் நிழல், உள்ளே எல்லா விளக்கும் அணைத்து. நேர் வெயிலில் ஜரிகை வெள்ளையாகப் பொரிந்துவிடும். பக்கத்துச் சுவர் பச்சை, ரோஸ் என்று அடித்திருந்தால் அதன் சாயல் சேலையில் ஏறும், வெள்ளைச் சுவர் தேடுங்கள்.

அடுத்து, கேமராவை நாமே அமைக்க விடும் புரோ மோடில் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து எடுத்துவிட்டு ஓர் எண்ணில் நிறுத்துங்கள். வாசல் நிழலுக்கு 6500-இல் தொடங்கி, சேலையைக் கையில் பிடித்து நேரில் ஒப்பிட்டபடி 200, 300 என்று நகர்த்துங்கள். இங்கே எண்ணை ஏற்றினால் படம் மஞ்சள் பக்கம் போகும், நீல வெளிச்சத்தை ஈடுகட்டுவதற்காக. ஆட்டோவில் விட்டால் ஒரே வெளிச்சத்தில் மஞ்சள் சேலைக்கு ஒரு முடிவு, நீலச் சேலைக்கு வேறு முடிவு எடுக்கும். ஏனென்றால் அது சேலையின் நிறத்தையே விளக்கின் நிறம் என்று எண்ணிவிடுகிறது. கேமரா கடையில் கிடைக்கும் சாம்பல் அட்டை ஒன்றை முதல் படத்தில் சேலை மேல் வைத்து எடுத்துக்கொண்டால் பின்னால் திருத்தும்போது அதைத் தொட்டால் போதும். ஏ4 தாள் அவசரத்துக்கு உதவும், முழுதாக நம்ப முடியாது. வெண்மை கூட்டுவதற்காகத் தாளில் சேர்க்கும் ரசாயனம் பகல் வெளிச்சத்தில் நீலமாக மின்னும். அதை வெள்ளை என்று போனுக்குக் காட்டினால் சேலை லேசாக மஞ்சள் தட்டும்.

இரவில்தான் எடுக்க முடியும் என்றால் பல்பு வாங்கும்போது பெட்டியில் சிஆர்ஐ எண்ணைப் பாருங்கள். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது, 100 தான் உச்சம். பல மலிவு எல்இடிகள் 70-80க்குள் நிற்கும். அடர்சிவப்பு அவற்றின் ஒளியில் குறைவு, அதனால் அரக்கு மரப்பட்டை நிறமாகத் தெரியும். 90க்கு மேல் உள்ளதில் ஒரே மாதிரி இரண்டு வாங்கி, சேலையின் இரு பக்கமும் 45 டிகிரியில் வையுங்கள். பழைய சோடியம் தெருவிளக்கின் ஆரஞ்சு வெளிச்சத்தில் எடுத்த படத்தை எந்த ஆப்பாலும் மீட்க முடியாது. அந்த ஒளியில் நீலமும் பச்சையும் சொற்பம், இல்லாத நிறத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

இத்தனைக்குப் பிறகும் சில நிறம் பிடிபடாது. ராமர் பச்சை, பளீர் மஜந்தா மாதிரியானவற்றைச் சாதாரணத் திரைகளால் முழுதாகக் காட்டவே முடியாது. இரண்டு நிற நூல் ஓடும் சேலை கோணத்துக்கு ஒரு நிறம் காட்டும். அதை வீடியோவாக எடுத்து அனுப்புவதே நியாயம். படத்தின் கீழே நிறத்தின் பெயரையும் எழுதிவிடுங்கள். உங்கள் திரையில் விவிட் மோடோ, கண்ணுக்கு இதமான மஞ்சள் திரையோ ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் பார்த்துத் திருத்தியதெல்லாம் பொய்யாகிவிடும். நேச்சுரல் மோடில் வைத்துப் பாருங்கள். ஏஐ சீன், பியூட்டி இரண்டையும் அணையுங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினால் படம் சுருங்காமல் போகும்.

கொலுசு

வெள்ளிக்குச் சொந்த நிறம் மிகக் குறைவு, சுற்றி இருப்பதைத்தான் காட்டும். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு கொலுசைப் படமெடுத்தால் சலங்கை ஒவ்வொன்றிலும் சட்டை தெரியும். ஜன்னலோரம் மேசை போட்டு, ஜன்னலை டிரேசிங் பேப்பராலோ மெல்லிய வெள்ளைத் துணியாலோ மறைத்து, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் பலகையை நிறுத்துங்கள். கொலுசுக்குச் சற்றுத் தள்ளி விரற்கடை அகலக் கறுப்பு அட்டை ஒன்றை வைத்தால் விளிம்பு வரைந்த மாதிரி எடுத்துக் காட்டும். இல்லாவிட்டால் எல்லாம் ஒரே வெளுப்பு.

கறுப்பு வெல்வெட்டில் வைத்து எடுப்பவர்கள் அதிகம். போன் அந்தக் கறுப்பைப் பார்த்து இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தை ஏற்றும். வெள்ளி எரிந்துபோகும், வெல்வெட் சாம்பலாகிப் புள்ளி விழும். கொலுசைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். புரோ மோடில் ஈவி என்ற வெளிச்ச அளவை மைனஸ் 0.7-இல் வையுங்கள். வெள்ளைத் தாளில் வைத்தால் நேர் எதிர், பிளஸ் 0.7.

கிட்டே போகாதீர்கள். பெரிய சென்சார் (ஒளியை வாங்கும் சில்லு) உள்ள போன்களின் மெயின் கேமரா 15, 20 சென்டிமீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாமல் திணறும். அப்போது பல போன்கள் கேட்காமலே அல்ட்ராவைடு என்ற அகலக் கோணக் கேமராவுக்குத் தாவிவிடும். அதன் சென்சார் சிறியது, வெளிச்சம் குறைவாக வாங்கும், புள்ளி கூடும். ஒன்றரை அடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். உங்கள் கையின் நிழலும் விழாது. சில போன்களில் 2 மெகாபிக்சல் மேக்ரோ என்று தனியாக ஒரு கண் இருக்கும்; அதைத் தொடவே வேண்டாம்.

ஆடித் திருவிழா, சீரியல் செட்

கோட்டை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாச் சமயத்தில் எடுக்கும் படங்களில் மூன்று தொல்லை வரும். நீல சீரியல் பல்புகள் ஊதா கலந்த வெள்ளைக் கறையாகப் பரவும். நீலம் மட்டும் நிரம்பி வழிவதால் வருவது இது, மைனஸ் 1-க்கு இறக்கினால் திரும்பி வரும். இரண்டாவது, படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவு எல்இடி நொடிக்கு 100 முறை அணைந்து எரியும். ஷட்டர் 1/500 என்று ஓடினால் பல்பு எரியும் நொடித்துணுக்கும் அணையும் நொடித்துணுக்கும் ஒரே படத்தில் வரிவரியாகப் பதியும். 1/100 அல்லது 1/50-இல் நிறுத்துங்கள். வீடியோவுக்கு செட்டிங்கில் ஆன்டி ஃப்ளிக்கர் 50 ஹெர்ட்ஸ் இருக்கிறதா பாருங்கள், வெளிநாட்டிலிருந்து வந்த போனில் 60 என்று இருக்கலாம். மூன்றாவது புள்ளி. நைட் மோட் பல படங்களை அடுக்கிச் சராசரி எடுக்கிறது. 4 படம் சேர்ந்தால் புள்ளி பாதியாகும், 9 சேர்ந்தால் மூன்றில் ஒன்றாகும். கோபுரத்துக்கு அருமை. கரகம் ஆடுகிறவருக்கு ஆகாது, முகம் கரைந்துவிடும். அங்கே நைட் மோடை அணைத்து, கொஞ்சம் புள்ளியைச் சகித்துக்கொள்ளுங்கள். 50, 108 மெகாபிக்சல் மோடுகள் பகலுக்கு. இரவில் நாலு பிக்சலோ அதற்கு மேலோ ஒன்றாகச் சேர்க்கும் சாதாரண மோடுதான் நல்லது. வீடியோவை 60 ஃப்ரேமில் எடுத்தால் 30-இல் கிடைப்பதில் பாதி வெளிச்சம்தான் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைக்கும்.

லேசர் ஷோ நடக்கும் இடத்தில் கதிர் நேராக லென்ஸில் பாயவிடாதீர்கள். சென்சாரைச் சுட்டுவிட்டால் அழியாத கோடோ புள்ளியோ விழும், மாட்யூலை மாற்றுவது தவிர வழியில்லை.

ஏற்காட்டுப் பனி

பனி வெள்ளை. போனோ எதைக் கண்டாலும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். பிளஸ் 0.7 முதல் 1 வரை ஏற்றினால் பனி பனியாக வரும். நீலம் தட்டினால் ஒயிட் பேலன்ஸை 6500, 7000 என்று உயர்த்துங்கள். ஃபோகஸ் பிடிக்காமல் போன் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கும். பத்துப் பதினைந்து அடியில் நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் அடிப்பகுதியைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் பூட்டிக்கொள்ளும். ஜூம் செய்தால் உங்களுக்கும் மரத்துக்கும் நடுவில் உள்ள பனியும் சேர்ந்துதான் பெரிதாகும். திருத்தும் ஆப்பில் பனியைக் குறைக்கும் டிஹேஸ் என்ற சறுக்கியை 15, 20-க்கு மேல் தள்ளினால் வானம் திட்டுத்திட்டாகும். ஃபிளாஷ் போட்டால் பனித்துளிகள் வெள்ளை உருண்டைகளாக மின்னும், வேறொன்றும் கிடைக்காது.

காரில் ஏசி போட்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, கதவைத் திறந்து உடனே எடுக்கும் முதல் படம் மங்கலாக வரும். குளிர்ந்த லென்ஸில் மலையின் ஈரக்காற்று படிந்துவிடுகிறது. கடைசி இரண்டு மூன்று வளைவுகளில் ஏசியை அணைத்து ஜன்னலை இறக்கிவிடுங்கள். துடைத்தும் போகாத ஆவி கண்ணாடிக்கு உள்ளே இருந்தால் போனுக்குள் ஈரம் போயிருக்கிறது. அணைத்து சர்வீஸுக்கு எடுத்துச் செல்லுங்கள். அரிசி மூட்டையில் புதைப்பதால் மாவுதான் உள்ளே போகும்.

பைக்கில் வருகிறவர்கள் போனை ஹேண்டில்பாரில் மாட்டாமல் பையில் வையுங்கள். மோட்டார் சைக்கிளின் அதிர்வு கேமராவின் அசைவுதடுப்பையும் ஆட்டோஃபோகஸையும் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்தது. அது கெட்டால் ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று கீழே சேலம் விளக்குகளை எடுக்கும்போதுதான் தெரியும், நைட் மோட் ஒவ்வொன்றும் இரட்டையாக வரும். அது நன்றாக இருக்கும் போனிலும் அங்கே கையில் பிடிக்காமல் கைப்பிடிச் சுவரில் சாய்த்து, 3 நொடி டைமர் வைத்து எடுப்பதே சரி.

கேமராவேதான் பழுதா?

காலை 10 மணிக்குத் திறந்த நிழலில் ஒரு வெள்ளைத் தாளை மெயின், அல்ட்ராவைடு, டெலி (ஜூம் கேமரா), முன்கேமரா நான்கிலும் எடுங்கள். ஒன்றில் மட்டும் ஊதாவோ பச்சையோ படர்ந்தால் அந்த மாட்யூல் சந்தேகத்துக்குரியது. நான்கிலும் அதே சாயல் என்றால் அந்தப் படத்தை இன்னொரு போனில் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் உங்கள் திரைதான் குற்றவாளி. மாற்று மாட்யூல் போட்ட போனில் நடுவில் ரோஸும் ஓரங்களில் பச்சையும் தெரிவதுண்டு. அந்த லென்ஸுக்கான திருத்த அளவு பொருந்தாததால் வருவது, செட்டிங்கில் போகாது.

பிறகு லென்ஸைக் கறுப்பு டேப்பால் மூடி, புரோ மோடில் ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 4 நொடி வைத்து இரண்டு படம். இரண்டிலும் ஒரே இடத்தில் சிவப்பு, நீலப் புள்ளி இருந்தால் அது அந்த பிக்சலின் குறை. இடம் மாறி மாறி இருந்தால் மேலே சொன்ன சாதாரணப் புள்ளிதான் (நாய்ஸ்). சித்திரை வெயிலில் அரை மணி வீடியோ எடுத்துக் கொதிக்கும் போனில் இந்தச் சோதனை வேண்டாம், சூட்டிலேயே புள்ளி கூடும், ஆறவிட்டுச் செய்யுங்கள். சர்வீஸ் கடைக்குப் போகும்போது இந்த ஆறு படங்களையும் காட்டுங்கள். மாட்யூல் மாற்றியபின் அங்கேயே, கடையின் டியூப்லைட்டில் அல்ல, வாசலுக்கு வந்து அதே வெள்ளைத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.