கவுன்சிலர் அறைக்கு வந்தால் டிரான்ஸ்கிரிப்டில் ஏறாது

"மேடம், இது எங்கேயாவது ரெக்கார்டில் ஏறுமா?"

அமெரிக்காவில் ஒரு புறநகர் அரசுப் பள்ளியில் கவுன்சிலராக இருக்கிறேன். ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்குமான ஹைஸ்கூல். ரேட்டிங் பார்த்து, டிஸ்ட்ரிக்ட் எல்லை எந்தத் தெருவோடு முடிகிறது என்று மேப்பை வைத்துக்கொண்டு தேடி, நம் ஆட்கள் வீடு வாங்குகிற மாதிரியான பள்ளி. பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, டெஸ்ட் பேப்பரைப் பார்த்ததும் கை நடுங்குகிறது, காலையில் காரை விட்டு இறங்க மறுக்கிறது என்று எதற்காக நான் பெற்றோரைக் கூப்பிட்டாலும் முதலில் வருவது மேலே இருக்கும் அந்தக் கேள்விதான். கேட்டுவிட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்து, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறி, "நீங்க நம்ம ஊர்க்காரங்கதானே, பார்த்து எதுவும் எழுதாம விட்டுடுங்க" என்பார்கள்.

இந்த வருஷமும் அதே கதைதான். வகுப்பு, பாடம் எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன், நம் வாட்ஸ்அப் குரூப்கள் எவ்வளவு வேகமானவை என்று எனக்கும் தெரியும். பதினோராவது படிக்கும் ஒரு பெண். தட்டு நிறைய ஏ.பி. எனப்படும் கல்லூரித் தரப் பாடங்கள், வாரக் கடைசியில் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்குக் கோச்சிங், கோடையில் அரங்கேற்றம். குளிர்கால விடுமுறை முடிந்து வந்ததிலிருந்து டெஸ்ட் இருக்கிற நாளெல்லாம் வயிற்று வலி என்று நர்ஸ் அறைக்குப் போகிறாள். ஜுரம் இல்லை, வாந்தி இல்லை, டெஸ்ட் முடிந்த அரை மணியில் வலியும் இல்லை. நர்ஸ் என்னிடம் அனுப்பினார். நான் வீட்டுக்குப் போன் செய்து, டாக்டரிடம் காட்டுங்கள், 504 பிளானுக்குக் கேளுங்கள் என்றேன். உடல், மனக் குறைபாடு இருக்கிற பிள்ளைக்குப் பரீட்சையில் கூடுதல் நேரம், தனி அறை மாதிரியான வசதிகளைத் தரும் பள்ளித் திட்டம் அது. "வேண்டாம் மேடம், காலேஜ் அப்ளிகேஷன் நேரம்" என்றார்கள். அதற்கப்புறம் டெஸ்ட் நாளன்று நர்ஸ் அறைக்குக்கூட வரவில்லை. அட்டெண்டன்ஸ் லைனுக்கு "ஜுரம், லீவ்" என்று மெசேஜ் மட்டும் வரும். மே மாதத்தில் இரண்டு ஏ.பி. பரீட்சை எழுதவே இல்லை. கெமிஸ்ட்ரியில் வருஷக் கடைசி கிரேடு டி.

அந்த டி இப்போது டிரான்ஸ்கிரிப்டில், அதாவது கல்லூரிக்குப் போகும் மதிப்பெண் பட்டியலில், இருக்கிறது. எது ரெக்கார்டில் ஏறிவிடும் என்று பயந்தார்களோ அது ஏறியிருக்கவே போவதில்லை. அதை மறைத்ததால் வந்தது ஏறிவிட்டது. எத்தனை குடும்பத்தில்தான் இதைப் பார்ப்பது!

சரி, டிரான்ஸ்கிரிப்டில் என்னதான் இருக்கிறது? ஒரு தடவை உங்கள் பிள்ளையுடையதைக் கேட்டு வாங்கிக் கண்ணால் பாருங்கள், பெரும்பாலான பள்ளிகளில் ஒன்றிரண்டு பக்கம்தான். எந்த வருஷம் என்ன பாடம், என்ன கிரேடு, எத்தனை கிரெடிட், ஜி.பி.ஏ. எவ்வளவு. அவ்வளவுதான். கவுன்சிலரைப் பார்த்த நாள் அதில் இல்லை. அழுதது இல்லை. ஆங்ஸைட்டி, டிப்ரெஷன், ஏ.டி.எச்.டி. என்று எந்தச் சொல்லும் இல்லை, 504 பிளான் இருக்கிறதா இல்லையா என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. 504 ஃபைல் தனி, நர்ஸ் வைத்திருக்கும் ஹெல்த் ஃபைல் தனி. நான் என் ஞாபகத்துக்காக எழுதி, யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்கிற குறிப்பு அந்த இரண்டிலும் சேராது. கல்லூரிக்கு நாங்கள் அனுப்புவது டிரான்ஸ்கிரிப்ட், பள்ளியைப் பற்றிய பொதுவான ஒரு குறிப்பு, சிபாரிசுக் கடிதங்கள். பிள்ளையின் மருத்துவ விஷயத்தை நான் கடிதத்தில் எழுத மாட்டேன். எழுதச் சொல்லிக் குடும்பமே கேட்டால் மட்டும், நடுவில் ஒரு செமஸ்டரில் கிரேடு ஏன் சரிந்தது, அப்புறம் எப்படி மீண்டாள் என்று நாலு வரி எழுதுவேன். அந்த நாலு வரி பெரும்பாலும் பிள்ளைக்கு நல்லதைத்தான் செய்யும்.

"நீங்க அனுப்பாவிட்டாலும் அவங்க கேட்டு வாங்கிக்குவாங்களே?" 504 என்பதே 1973இல் வந்த ரீஹேபிலிடேஷன் சட்டத்தின் ஒரு பிரிவுதான். உடல், மனக் குறைபாடு இருக்கிறதா என்று அட்மிஷனுக்கு முன்னால் விசாரிக்கக் கூடாது என்று அதன் விதிகளே கல்லூரியைத் தடுக்கின்றன, விதிவிலக்குகள் மிகக் குறைவு. 1974ஆம் வருஷத்து ஃபெர்பா சட்டம் பள்ளி ரெக்கார்டுகளை யார் பார்க்கலாம் என்று வரையறுக்கிறது, பெற்றோர் கேட்டால் 45 நாளுக்குள் காட்டியாக வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் கேட்டுப் பாருங்கள், பிள்ளையின் ஃபைலை உங்கள் முன்னால் பிரித்துக் காட்டுகிறோம். எஸ்.ஏ.டி.யில் கூடுதல் நேரம் வாங்கினால் ஸ்கோர் ஷீட்டில் நட்சத்திரக் குறி போடுவார்கள் என்று இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குறியை எஸ்.ஏ.டி. நடத்தும் காலேஜ் போர்டும், அதே மாதிரி இன்னொரு தேர்வை நடத்தும் ஏ.சி.டி.யும் 2003லேயே எடுத்துவிட்டன. இன்று பதினோராவது படிக்கிற எந்தப் பிள்ளையும் அப்போது பிறந்திருக்கவே இல்லை. இருபது வருஷத்துக்கும் மேலாக இல்லாத ஒன்றுக்குப் பயந்துகொண்டிருக்கிறோம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், மற்றதெல்லாம் நம் பெற்றோருக்குச் சொன்னால் புரிகிறது, இது ஒன்று மட்டும் இறங்குவதில்லை. என் வாயால் கேட்டுவிட்டு பார்க்கிங் லாட்டில் நின்று, மகன் ஸ்டான்ஃபோர்டு போன இன்னொரு அப்பாவுக்குப் போன் செய்து சரிபார்க்கிறார்கள். அவர் "எதுக்கு ரிஸ்க்?" என்கிறார். முடிந்தது!

இன்னொரு வகை இருக்கிறது. "ஏ கிரேடுதானே வாங்குறான், இவனுக்கு எதுக்கு 504?" நல்ல கிரேடு இருந்தால் தகுதி இல்லை என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை, 2008இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வரையறை முன்பைவிட அகலம். அந்த ஏ கிரேடுக்காக அவன் ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருக்கிறான் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கவனக்குறைவு மட்டும் உள்ள ஏ.டி.எச்.டி. பெண் பிள்ளைகள் எட்டாவது வரை புத்தியை வைத்தே சமாளித்துவிடுகிறார்கள், பாடச்சுமை ஏறும் பத்தாவது பதினோராவதில்தான் திடீரென்று உட்கார்ந்துவிடுகிறார்கள். வீட்டில் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம், போன், சேர்க்கை சரியில்லை. கூடுதல் நேரமோ, தனி அறையோ, நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர அனுமதியோ, அவள் படிக்காத எதையும் படித்ததாக ஆக்கிவிடாது. தெரிந்ததை எழுத விடும், அவ்வளவுதான். டயாபடீஸ், மைக்ரேன் இருக்கிற பிள்ளைகளுக்கும் இதே பிளான்தான் தருகிறோம், அவர்கள் வீட்டில் யாரும் ரெக்கார்டைப் பற்றிக் கேட்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"பிள்ளை உங்ககிட்ட பேசினா சி.பி.எஸ். வீட்டுக்கு வந்துடுமா?" குழந்தைகள் பாதுகாப்பு ஏஜென்சியான சி.பி.எஸ். பற்றிய இந்தக் கேள்வியும் வரும், கொஞ்சம் தயங்கி. மழுப்பாமல் சொல்கிறேன். பிள்ளை என்னிடம் சொல்வது பெரும்பாலும் என்னிடமே இருக்கும். தன்னையோ மற்றவரையோ ஆபத்தில் தள்ளும் என்றால் உங்களிடமே சொல்வேன். வீட்டில் அடி, துன்புறுத்தல் என்ற நியாயமான சந்தேகம் வந்தால் நான் புகார் செய்தே ஆக வேண்டும். நிரூபணம் தேடுவது என் வேலையில்லை, விடுவதா வேண்டாமா என்று யோசிக்கிற உரிமையும் எனக்கு இல்லை, ஊர்க்காரி என்பதெல்லாம் அங்கே செல்லாது. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று என் அறையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொல்லாதீர்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். ஆனால் பிள்ளை பரீட்சை பயத்தைப் பற்றிப் பேசினால் எந்த ஏஜென்சியும் வராது.

விசாவுக்கும் இதற்கும் முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு. கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்களுக்கு எதைப் பார்த்தாலும் பயம்தான், புரிகிறது. ஆனால் பள்ளி உங்கள் இமிக்ரேஷன் நிலையைக் கேட்பதில்லை, எந்த நிலையில் இருந்தாலும் பிள்ளைக்குப் பள்ளியில் இடமுண்டு என்று உச்ச நீதிமன்றம் 1982இல் பிளைலர் வழக்கில் சொல்லிவிட்டது. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. எச்-4இல், அதாவது உங்கள் வேலை விசாவைச் சார்ந்த குடும்ப விசாவில், இருக்கும் பிள்ளைக்கு 21 வயதானால் உங்கள் விசாவோடு ஒட்டிக்கொண்டு இருக்க முடியாது. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்கிறீர்கள். பிள்ளைகள் பதினாறு வயதிலேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் கல்லூரிக்கு அரசு நிதியுதவி கேட்கும் ஃபாஃப்ஸா படிவத்தை நிரப்பும்போது தனக்கு அந்த உதவி கிடையாது என்று தெரிந்து பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். அப்பா சாப்பாட்டு மேசையில் "ஐ-140", "பிரையாரிட்டி டேட்" என்று கிரீன் கார்டு விஷயத்தை அம்மாவிடம் கிசுகிசுப்பதை மாடிப்படியில் உட்கார்ந்து கேட்கிறவர்கள் அவர்கள். அதைப் பற்றி பிள்ளையோடு நேராகப் பேசுங்கள்.

பேரன்ட் போர்ட்டல். ஐயோ, அந்த ஆப்! ஒரு பையன் என் எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான், மேசை மேல் வைத்த போன் அதிர்ந்தது. "78? என்ன ஆச்சு?" என்று அம்மாவின் மெசேஜ். அந்த குவிஸின் மார்க்கை அவனே இன்னும் பார்த்திருக்கவில்லை. டீச்சர் இரண்டு நிமிஷம் முன்னால்தான் ஏற்றியிருக்கிறார். அலர்ட்டை நிறுத்துங்கள். வாரத்துக்கு ஒரு நாள், பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள், போதும்.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக: 13 முதல் 18 வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும். பள்ளி காலை 8:30க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014லேயே சொல்லியும் பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுகள் பஸ் அட்டவணையைக் காரணம் காட்டுகின்றன. ஸ்கூல் போர்டு கூட்டத்தில் கணக்கு டிராக்கைப் பற்றிப் பேச மைக் முன்னால் வரிசையில் நிற்கிறீர்களே, இதற்கும் நில்லுங்கள்.

இனி அவசரமான ஒன்று. அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யின் 2023 கணக்கெடுப்பில் ஹைஸ்கூல் மாணவர்களில் பத்துக்கு நாலு பேர் நீங்காத சோகத்திலோ நம்பிக்கையின்மையிலோ இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள், ஐந்தில் ஒருவர் தற்கொலையைத் தீவிரமாக யோசித்ததாக. நம் வீட்டுப் பிள்ளைகள் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. பிடித்த பொருளை மற்றவர்களுக்குக் கொடுப்பது, "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்பது, நண்பர்களை மொத்தமாக வெட்டிவிடுவது, இதில் எதையாவது பார்த்தால் "சாகணும்னு தோணுதா கண்ணா?" என்று அந்தச் சொல்லைப் போட்டே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் திட்டாதீர்கள், "உனக்கு என்ன குறை வச்சோம்" என்று ஆரம்பிக்காதீர்கள், தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கிற மாத்திரைகளை எல்லாம் பூட்டி வையுங்கள், தாத்தா பாட்டியின் பையில் இருப்பதையும் சேர்த்து. தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்குப் போன் செய்யலாம், மெசேஜும் அனுப்பலாம், இருபத்துநாலு மணி நேரமும், பணம் கிடையாது. உடனடி ஆபத்து என்றால் 911. நாளைக்கு ஏ.பி. பரீட்சை இருக்கிறதே என்று ஒரு ராத்திரி தள்ளிப்போடுவது மட்டும் வேண்டாம், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். விட்டுப்போன பரீட்சைக்கு மறுதேதி உண்டு, அதை வாங்கித் தருவது என் பாடு.

மற்றதெல்லாம் சும்மா காகித வேலைதான். 504க்கு வாயால் கேட்காதீர்கள், ஈமெயிலில் கேளுங்கள். "என் மகளை 504 பிளானுக்காக மதிப்பீடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி, தேதி, உங்கள் பெயர், போதும். டாக்டர் கடிதம் இருந்தால் இணையுங்கள், இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், மருத்துவப் பரிசோதனை தேவை என்று டிஸ்ட்ரிக்ட் முடிவு செய்தால் செலவு அவர்களுடையது. சம்மதப் படிவம் வந்தால் கையெழுத்துப் போட்டு அந்த வாரமே திருப்பி அனுப்புங்கள், மாதக்கணக்கில் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்துத் தொங்கவிடாதீர்கள். எஸ்.ஏ.டி.க்கும் ஏ.பி.க்கும் கூடுதல் நேரம் வேண்டுமென்றால் காலேஜ் போர்டிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும், ஏழு வாரம் வரை ஆகலாம், பரீட்சைக்கு முந்தின வாரம் வந்து நிற்காதீர்கள். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், இலவசம், பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பன்னிரண்டாவது படிக்கும்போதே பிள்ளைக்குப் பதினெட்டு ஆகிவிட்டால் ஃபெர்பா உரிமை அவர்கள் கைக்குப் போய்விடும், அதனால் பேச வேண்டியதை முன்னாலேயே பேசிவிடுங்கள்.

கவுன்சிலருக்கு 250 பிள்ளைகள் இருந்தால் போதும் என்பது எங்கள் சங்கத்தின் பரிந்துரை, பெரும்பாலான மாநிலங்களில் அதற்கு மேல்தான். அதனால் பதில் ஒரு நாள் தாமதமானால் உடனே பிரின்சிபாலைக் காப்பியில் போட்டு அனுப்பாதீர்கள். கோடை விடுமுறையில் எங்களில் நிறைய பேருக்கு வேலை நாள் கிடையாது, பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் எழுதினால் முதலில் பார்ப்பேன். சப்ஜெக்டில் பிள்ளையின் முழுப்பெயரையும் வகுப்பையும் போடுங்கள், என் பட்டியலில் ஆதித்யாவே நாலைந்து பேர்.