படுத்த எஞ்சினும் தடித்த சட்டகமும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வழியாகப் பொத்துவில் செல்லும் அசோக் லேலண்ட் பஸ்களில், சாரதிக்கு அருகே எஞ்சின் மூடி ஒரு மேடாக எழுந்து, பயணிகளுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எஞ்சினைப் பஸ்ஸின் தளத்துக்குக் கீழே கொண்டுபோகும் முயற்சி புதிதன்று. பிரித்தானியாவின் லேலண்ட் நிறுவனம் 1950இல் வெளியிட்ட ரோயல் டைகர் பஸ் சேசிஸில் (மேற்கூடு கட்டப்படாத, எஞ்சினும் சக்கரங்களும் பூட்டிய அடிச்சட்டகத்தில்), 9.8 லீற்றர் டீசல் எஞ்சினின் சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்காமல் பக்கவாட்டில் படுத்திருந்தன. அது இரு அச்சுகளுக்கும் நடுவே சட்டகத்தின் கீழ் தொங்கியதால், மேல்தளம் முழுவதும் இருக்கைகளுக்குக் கிடைத்தது, கதவையும் முன் சக்கரத்துக்கு முன்னால் வைக்க முடிந்தது. ஆனால் பிரித்தானிய பஸ் நிறுவனங்களுக்கு அது வேண்டாத பாரமாகத் தெரிந்ததால், 1952இல் இலகுவான டைகர் கப் வந்தது.

வெளிநாடுகளுக்குத் தேவைப்பட்டதோ அந்தப் பாரமேதான். ரோயல் டைகரின் அமைப்பைத் தடிப்பாக்கி, ஏற்றுமதியையே குறியாகக் கொண்டு 1954இல் அறிமுகமான வேர்ல்ட்மாஸ்டர், 11.1 லீற்றர் எஞ்சினுடனும் கிடைத்தது; 1979 வரை உற்பத்தியில் இருந்தது. பெரும்பாலும் சேசிஸ் மட்டுமே கப்பலேறும்; இறக்குமதி செய்யும் நாட்டின் பட்டறைகள் தங்கள் வீதிக்கும் பயணிகளுக்கும் ஏற்ற கூட்டை அதன்மேல் கட்டிக்கொள்ளும்.

கரடுமுரடான வீதியில் சட்டகம் இரு விதமாக வருந்துகிறது. பாரம் அதைக் கீழ்நோக்கி வளைக்கும். நீளவாட்டுச் சட்டத்தின் உயரத்தைக் கூட்டினால், கூடும் எடையைவிட வேகமாக அதன் விறைப்பு உயரும் என்பதால் இதைச் சமாளிக்கலாம். முன் சக்கரம் ஒன்று குழியில் இறங்க, எதிர்ப்பக்கப் பின் சக்கரம் மேட்டில் ஏறும்போது நேரும் முறுக்கல்தான் ஆபத்தானது. அதனை முற்றாகத் தடுக்க முயன்றால் மூட்டுகளில் வெடிப்பு விழும். ஒருபக்கம் திறந்த, ‘ப’ வடிவக் குறுக்குவெட்டுடைய சட்டங்களும், தறையாணியால் பிணைத்த குறுக்குச் சட்டங்களும் ஓரளவு முறுகிக்கொடுத்து மீண்டும் நேராகும். பலம் என்பது இங்கே விறைப்பு மட்டுமன்று.

எனினும் இப்பகுதிக்கு முன் எஞ்சினே பொருத்தமென்று எனக்குப் படுகிறது. வடகீழ்ப் பருவமழையில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வீதிகளை வெள்ளம் மூடும்போது, தரைக்கடியில் தொங்கும் எஞ்சினை நீர் முதலில் எட்டிவிடும். கோடையில் சக்கரம் கிளப்பும் புழுதியும் அதன்மேலேயே படியும். பழுதுபார்க்க வண்டியைக் குழியின்மேல் நிறுத்தவும் வேண்டும். முன் எஞ்சினென்றால் வீதியோரத்திலேயே மூடியைத் தூக்கி வேலையைத் தொடங்கிவிடலாம்.