சான்றிதழ் காலாவதியாகும் முன்பே மறந்துபோகும் மீட்புத் திறன்

சிங்கப்பூரில் சிபிஆர் (நின்றுபோன இதயத்துக்காக மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி) சான்றிதழ் 2 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் பயிற்சி முடித்தவர்களைச் சில மாதங்கள் கழித்துச் சோதித்த ஆய்வுகளில், மார்பை அழுத்தும் ஆழமும் வேகமும் 3 முதல் 6 மாதங்களுக்குள்ளேயே சரியத் தொடங்குவது தெரிகிறது. அதுவாவது இரண்டு கைகளால் செய்கிற வேலை. மேன்ஹோலுக்குள் மயங்கிக் கிடப்பவரை வாயின்மேல் நிறுத்தும் முக்காலி, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச், கயிறு, உள்ளிருக்கும் வாயுக்களை அளக்கும் கேஸ் மீட்டர் எல்லாம் வைத்து மேலே எடுப்பதில் படிகள் பல மடங்கு அதிகம். மறப்பதற்கான இடங்களும் அதே அளவு அதிகம்.

எல்லாத் திறனும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. சைக்கிள் ஓட்டுவது, நீந்துவது போன்றவற்றில் ஓர் அசைவே அடுத்ததை இழுத்து வருகிறது. பல ஆண்டு கழித்தும் உடல் அதை மறப்பதில்லை. தனித்தனிப் படிகளாக இருக்கும் வேலை அப்படியல்ல. ஒரு படியை விட்டுவிட்டாலும் அடுத்த படியைச் செய்ய முடியும், யாரும் தடுக்கமாட்டார்கள். கயிற்றை மாட்டும் உலோக வளையமான காராபினரின் பூட்டைத் திருகாமல் விட்டாலும் கயிறு இழுபடத்தான் செய்யும். 1998இல் 53 ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டி அலசிய ஒரு தொகுப்பாய்வும் இதையொட்டியே சொல்கிறது: பயன்படுத்தாமல் விட்டால், உடலால் செய்யும் வேலைகளைவிட யோசித்து முடிவெடுக்கும் வேலைகளே வேகமாகத் தேய்கின்றன. ஆகவே மீட்புப் பணியில் முதலில் காணாமல்போவது கைவேலை அல்ல, சரிபார்ப்புதான்.

தினமும் செய்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1986 மார்ச் 15 அன்று சிங்கப்பூரின் ஹோட்டல் நியூ வோர்ல்ட் இடிந்து 33 பேர் மாண்டபோது, இடிபாடுகளுக்கு அடியில் சுரங்கவழி தோண்ட முன்வந்தவர்கள் அப்போது எம்ஆர்டி ரயில் சுரங்கப் பணியில் இருந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள். முந்தைய நாள்வரை அதே மண்ணைத்தான் அவர்கள் குடைந்துகொண்டிருந்தார்கள். 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டனர். பிறகு குடிமைத் தற்காப்புப் படை, ‘டார்ட்’ என்ற சிறப்பு மீட்புக் குழுவை அமைத்தது. வெளிநாட்டுப் பேரிடர்களுக்குச் செல்லும் படையின் ‘ஆப்பரேஷன் லயன்ஹார்ட்’ குழு 2008இல் தேடல், மீட்புக் குழுக்களை மதிப்பிடும் ஐநாவின் இன்சராக் அமைப்பிடம் உயர்நிலையான கனரகத் தரம் பெற்றது. அந்தத் தரத்தை 5 ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் நிரூபிக்கவேண்டும். முழுநேர மீட்பாளர்களுக்கே இந்த ஏற்பாடு என்றால், ஆண்டு முழுவதும் குழாய் பதித்துவிட்டு என்றோ ஒருநாள் மீட்பாளராக மாறவேண்டிய கட்டுமான ஊழியரை நினைத்துப் பாருங்கள்.

அவர் கையில் இருக்கும் கேஸ் மீட்டரை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் சொன்ன வரிசை நினைவிருக்கும்: முதலில் ஆக்சிஜன், அடுத்து எரியும் வாயு, பிறகு நச்சு வாயு. காரணம் மறந்திருக்கும், காரணம் போனால் வரிசையும் நாளடைவில் போய்விடும். எரியும் வாயுவை அளக்கும் வழக்கமான உணரி, தனக்குள் அந்த வாயுவை எரித்துத்தான் அளவைச் சொல்கிறது. எரிய ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் குறைந்த குழியில் அது அபாயகரமான மீத்தேனையும் குறைத்துக் காட்டலாம். ஆக்சிஜன் வழக்கமான வரம்பான 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது அதனால்தான்.

மீத்தேன் காற்றைவிட லேசு, மேலே தங்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு கனம், அடியில் தேங்கும். மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும் அளக்கவேண்டும். ஒவ்வொரு மட்டத்திலும் காத்திருக்கவும் வேண்டும். மீட்டருக்குக் காற்றை உறிஞ்சும் குழாய் நீளமாக ஆக, கீழே உள்ள காற்று மீட்டரை எட்டத் தாமதமாகும். ஒத்திகைகளில் பெரும்பாலும் பறிபோவது இந்தக் காத்திருப்புதான். மூக்கை நம்பவே கூடாது: ஹைட்ரஜன் சல்ஃபைடு சுமார் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை எட்டும்போது முகரும் நரம்பு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டதே என்று இறங்குபவர் திரும்புவது அரிது.

கயிற்றில் நடக்கும் தவறுகள் கணக்கில் பிடிபடும். 80 கிலோ சுமையை இரண்டு நங்கூரங்களில், அதாவது கயிற்றை நிலையாகக் கட்டும் இடங்களில், பிரித்துத் தொங்கவிட்டால் ஒன்றுக்கு 40 கிலோ என்று தோன்றும். இரு கயிறுகளுக்கும் இடைப்பட்ட கோணம் 90 பாகையானால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 57 கிலோ, 120 ஆனால் முழு 80, 150 ஆனால் 155 கிலோ.

இழுக்கும் கப்பி அமைப்பும் அப்படியே. 3:1 என்று பெயர், இழுக்கும் விசை மூன்று மடங்காகும் என்று பொருள். உராய்வில்லாத உலகில் மட்டும் 3:1. ஒரு கப்பி நங்கூரத்தில் நிற்கும், மற்றது கைக்கு அருகில் சுமையோடு நகரும். இரண்டும் நல்ல கப்பிகளாக இருந்து ஒவ்வொன்றும் 90 விழுக்காட்டு விசையைக் கடத்தினால் 2.7 மடங்கு கிடைக்கும். கப்பி பற்றாமல், பாதி விசையை உராய்வில் தின்னும் காராபினர் ஒன்றை ஓரிடத்தில் மாட்ட நேர்ந்தால்? நல்ல கப்பி கைக்கு அருகில் நகரும் இடத்தில் இருந்தால் 2.35 மடங்கு, அதை நங்கூரத்தில் மாட்டி, காராபினரைக் கைப்பக்கம் வைத்தால் 1.95தான். பொருள்கள் அதே, இடம் மட்டும் மாறியிருக்கிறது. சோர்ந்துபோன இருவர் இழுக்கும்போது இந்த வித்தியாசம் தோளில் தெரியும்.

இதையெல்லாம் தக்கவைக்க ஆண்டுக்கு ஒரு முழுநாள் வகுப்பு போதாது. காலையில் வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான டூல்பாக்ஸ் மீட்டிங்கில் 15 நிமிடம் ஒதுக்கலாம். வகுப்பு முடிந்த முதல் வாரத்தில் ஒருமுறை, அடுத்து ஒரு மாதத்தில், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இடைவெளியை விரித்துப்போகலாம். மறக்கத் தொடங்கிய நேரத்தில் முயன்று நினைவுக்குக் கொண்டுவருவதே நினைவை உறுதியாக்குகிறது. அதனால் செயல்முறைத் தாளை முதலில் மடித்து வையுங்கள். செய்து முடித்தபின் விரித்து ஒப்பிடுங்கள். தாளைப் பார்த்துப் படித்துக்கொண்டே செய்வது பயிற்சி மாதிரி தோன்றும், பலன் குறைவு. உண்மைச் சம்பவத்தில் மட்டும் தாள் கையில் இருக்கட்டும்.

ஒரே மேன்ஹோல், ஏற்கெனவே நிறுத்திவைத்த முக்காலி, எப்போதும் வின்ச்சைச் சுற்றும் அதே ஆள்: பல தளங்களில் நடக்கும் ஒத்திகை இப்படித்தான் இருக்கிறது, பதிவேட்டில் கையெழுத்துக்கு மட்டும் உதவும். ஆளை மாற்றுங்கள். சொல்லாமல் மீட்டரின் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். மயங்கியவருக்குப் பதிலாக வைக்கும் பொம்மைக்கு, உடலைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் போடாமல், கையை மடக்கிக் கிடத்துங்கள். கையுறையோடு, மழைக்குப் பின் வழுக்கும் தரையில் செய்து பாருங்கள்.

மிக முக்கியமான ஒத்திகை, இறங்காமல் இருப்பது. அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் கணிசமானோர் காப்பாற்றப் போனவர்களே என்பது உலகெங்கும் பதிவான உண்மை. 2025 ஜூலை 26 அன்று தஞ்சோங் காத்தோங் சாலையில் திடீர்ப் பள்ளத்துக்குள் கார் விழுந்தபோது, அருகில் வேலை செய்த வெளிநாட்டு ஊழியர்கள் கயிற்றை வீசி உள்ளே இருந்த பெண்ணை மேலே இழுத்தார்கள். மேன்ஹோலிலும் முதல் வழி அதுவே. உள்ளே போகிறவர் தொடக்கத்திலேயே ஹார்னஸும் வின்ச் கயிறும் மாட்டியிருந்தால், வாயிலில் நிற்கும் அட்டெண்டன்ட் வெளியில் இருந்தே அவரைத் தூக்கலாம். ஒத்திகையில் ‘உள்ளே ஆள் விழுந்துட்டார்’ என்று ஒருவர் கத்தட்டும். அட்டெண்டன்ட் முதல் 10 விநாடிகளில் என்ன செய்கிறார் என்று மேற்பார்வையாளர் குறிக்கட்டும்: ரேடியோவை எடுத்தாரா, அவசர எண் 995ஐ அழைக்கச் சொன்னாரா, வின்ச்சின் கைப்பிடியைத் தொட்டாரா. கால் ஏணிப்படியில் பட்டிருந்தால் ஒத்திகையை அங்கேயே நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கவேண்டும்.